பதில் என்றொரு ஃபோல்டர்

பல்செட்காரருடைய கம்ப்யூட்டர் ஒரேயடியாகக் கெட்டுப்போயிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வேறொன்று வாங்கியிருப்பார். அது கெடவில்லை, மெதுவாகிக்கொண்டே வந்தது. காலையில் பட்டனை அமுக்கிவிட்டு, மெழுகை உருக்கி, ஒரு கீழ்வரிசைப் பல்லை அச்சில் பொருத்திப் பார்த்து, கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றியபடியே இருக்கும். உள்ளே விசிறி போடும் இரைச்சலில் பக்கத்து அறையில் பேசுவது கேட்காது. கடைசியில் ஒரு நாள், வட்டில் இடம் போதவில்லை என்று அதுவே எழுதிக் காட்டிவிட்டது.

இடம் போதாததில் ஆச்சரியமில்லை. பதினோரு வருடமாகப் பல் டாக்டர் அனுப்பிய படங்கள் அத்தனையும் அதில் கிடந்தன. பல் கட்டுவதற்கு முன் ஒரு படம், கட்டிய பின் ஒரு படம். எட்டாயிரத்துச் சொச்சம் திறந்த வாய்கள். அவற்றுக்கு நடுவில் ஒரு மூலையில், ‘பதில்’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. அது வாய்களைப் பற்றியதல்ல, அவருடைய வாயைப் பற்றியது.

பல்செட்காரர் பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடம் தானே மன்னிப்புக் கேட்கிற மனிதர். யாராவது சுருக்கென்று ஒன்று சொன்னால் சிரித்துவிடுவார். பதில் தோன்றாதவர் என்று சொல்ல முடியாது. தோன்றும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது தோன்றும். அதை வீணாக்க மனமில்லாமல் கம்ப்யூட்டரில் தட்டி வைத்துக்கொள்வார். ‘மேல்மாடிக்காரருக்கு’, ‘பல் டாக்டருக்கு’, ‘மச்சானுக்கு’ என்று ஆளுக்கு ஒரு தலைப்பு. அப்படி நூற்று நாற்பத்து மூன்று கோப்புகள் சேர்ந்திருந்தன. அவர் மனைவிக்கு அது தெரியாது. அவள் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். நாள் முழுக்க மற்றவர்கள் அழுக்காக்கியதைப் பிரித்து வகைப்படுத்துகிறவள், வீட்டுக்கு வந்து கணவனுடைய கம்ப்யூட்டரைக் கிளற அவளுக்குத் தெம்பும் இல்லை, ஆசையும் இல்லை.

அந்த ஊரில் இல்லக் கணினித் தூய்மை வாரியம் என்று ஒன்று இருந்தது. வட்டு நிறைந்தவர்கள் இலவச ஆலோசனை பெறலாம் என்று அது தெருவெங்கும் தாள் ஒட்டியிருந்தது. பல்செட்காரர் நேரில் போய் விண்ணப்பம் வாங்கி, ‘ஆலோசனை தேவை’ என்ற கட்டத்தில் குறி போட்டுக் கொடுத்தார். எழுத்தர் அம்மா அதை வாங்கி ஒரு சிவப்புக் கோப்பில் செருகினார்.

“எப்ப வந்து ஆலோசனை சொல்வாங்க மேடம்?”

“ஆலோசனை கேட்டா வட்டு நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம். நிறைஞ்சிருந்தா குற்றம். நீங்களா வந்து ஒத்துக்கிட்டதால தண்டனையில சலுகை உண்டு. நல்லவேளை, தெரியாம இருந்திருந்தீங்கன்னா உங்களுக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது.”

இதில் எது நல்லவேளை என்று அவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கேள்வி நூற்று நாற்பத்து நான்காவது கோப்பாகியிருக்கும், ஆனால் வட்டில் இடமில்லை.

நான்காம் நாள் ஆய்வாளர் வந்தார். கையில் வெள்ளைக் கையுறை, கூடவே ஓர் உதவியாளர், உதவியாளர் தோளில் ஒரு தராசு. முதலில் கம்ப்யூட்டரைத் தராசில் ஏற்றினார்கள். எடையைக் குறித்துக்கொண்டு ஆய்வாளர் நெற்றியைச் சுருக்கினார்.

“நிறைஞ்சிருக்குன்னு சொல்றீங்க. ஆனா எடை கம்மியா இருக்கே.”

“ஃபோட்டோவுக்கெல்லாம் எடை கிடையாதுங்க சார்.”

“கிடையாதுன்னா ஏன் இடமில்லேங்குது?”

பல்செட்காரர் சிரித்தார். ஆய்வாளர் அடுத்து, மறுசுழற்சித் தொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டார். இவர் திரையைக் காட்டுவதற்குள் அவர் குனிந்து மேஜைக்கடியில் இருந்த குப்பைக் கூடையை இழுத்துவிட்டார். அதில் அச்சு வார்த்த சாந்துத் துண்டுகள் கிடந்தன. ‘தொட்டியில் சாந்து. பன்னிரண்டு துண்டு’ என்று உதவியாளர் எழுதிக்கொண்டார்.

பிறகுதான் கம்ப்யூட்டரைப் போட்டார்கள். அது எழுந்து வருவதற்குள் இருவரும் காப்பி குடித்து முடித்தார்கள். திறந்த வாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வந்தன. இருநூறு முந்நூறு வாய்களைத் தாண்டியதும் ஆய்வாளரின் கை நின்றது. திரையில் இருந்தது ஆய்வாளரின் வாய். கீழ்வரிசையில் ஒன்றுமில்லாமல், நாக்கு மட்டும் தெரிய.

உதவியாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இது அவசியமில்லாத கோப்பு,” என்று ஆய்வாளர் அதை மட்டும் தன் கையாலேயே அழித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “கீழ்செட்டு பேசுறப்போ கொஞ்சம் லூஸா இருக்குங்க. ஒரு நாள் கொண்டு வரட்டுமா?” என்றார்.

“கொண்டு வாங்க சார். உடனே சரி பண்ணித் தர்றேன்.”

இந்த நட்பில் விஷயம் முடிந்துவிடும் என்று பல்செட்காரர் நம்பினார். ஆனால் அந்தப் பக்கத்தின் கடைசியில் ‘பதில்’ இருந்தது. ஆய்வாளர் ஒரு கோப்பைத் திறந்தார், இன்னொன்றைத் திறந்தார். வாரிய விதிப்படி கோப்பு என்றால் அது தொழிலோ, குடும்பமோ, பொழுதுபோக்கோ ஏதாவது ஒரு வகையில் அடங்க வேண்டும். இது எதில் அடங்கும் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“இதெல்லாம் யாருக்காவது அனுப்பினதா?”

“இல்லைங்க.”

“அனுப்பப் போறதா?”

“இல்லைங்க.”

“அப்ப வகைப்படாத கழிவு. பொது விசாரணையில வெச்சுத்தான் முடிவு பண்ணணும்,” என்று சொல்லி, ஃபோல்டரை அப்படியே ஒரு நகல் எடுத்துக்கொண்டு போனார். அன்று மாலை வாசலில் ஒரு சிவப்புப் பலகை மாட்டினார்கள். வட்டு நிறைந்த வீடு என்று அதில் எழுதியிருந்தது. தெருவில் போன ஒருவர் மூக்கை மூடிக்கொண்டு வேகமாக நடந்ததை அவரே பார்த்தார்.

“என்னங்க இது, அப்படி என்ன வெச்சிருந்தீங்க அதுல?” என்று மனைவி கேட்டாள்.

“எல்லாம் பழைய படம்தான்,” என்றார்.

பொது விசாரணை வாரியத்தின் கூடத்தில் நடந்தது. அந்த வட்டாரத்து வீடுகளிலிருந்து ஆளுக்கொருவர் கட்டாயம் வர வேண்டும். மேல்மாடிக்காரர் நாலாவது வரிசையில் இருந்தார். பல் டாக்டர் இரண்டாவது வரிசையில், ஓரமாக. பல்செட்காரரும் மனைவியும் மேடைக்குக் கீழே தனியாகப் போட்ட இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் வேலையில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நேராக வந்திருந்தாள். சலவைத்தூள் வாசனை அவள் மேலிருந்து இவருக்கு வந்துகொண்டிருந்தது.

வாரியத் தலைவர் பேச எழுந்தார். பருத்த, அமைதியான மனிதர்.

“நான் இந்தப் பொறுப்புக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. என் மேஜையில ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. இன்னைக்குவரைக்கும் அதுல ஒரு தேவையில்லாத கோப்பு கிடையாது. எப்படின்னு எல்லாரும் கேக்கறாங்க. ரகசியம் ஒண்ணுமில்ல. நான் அதை ஆன் பண்ணினதே இல்ல. இந்தக் கட்டுப்பாடு ஒவ்வொரு வீட்டுக்கும் வரணும். போன வருஷம் மட்டும் ஆறாயிரம் வீட்டை ஆய்வு பண்ணியிருக்கோம். ஒவ்வொரு ஆய்வுக்கும் பதினெட்டு அறிக்கை. அதையெல்லாம் வெக்க நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இடம் பத்தல. அதனால பக்கத்துக் கட்டடத்தையும் வாடகைக்கு எடுத்திருக்கோம். தூய்மைன்னா சும்மா வந்துடாது.”

கைதட்டினார்கள். பல்செட்காரரும் தட்டினார்.

பிறகு பெரிய திரையில் ‘பதில்’ திறந்தது. ஆய்வாளர் வாசித்தார். கீழ்செட்டு லூஸாக இருந்ததால் ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் ஒரு சின்ன சத்தம் வந்தது.

“மேல்மாடிக்காரருக்கு. காலையில் நீங்கள் நாற்காலியை இழுக்கிறீர்களா, நாற்காலி உங்களை இழுக்கிறதா? வாங்க வாங்க என்று மரியாதையாகச் சொன்னது படியேறத்தான். தலையில் ஏறுவதற்கு அல்ல.”

கூடம் சிரித்தது. மேல்மாடிக்காரர் சிரிக்கவில்லை. மனைவி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தெரிந்த ஒருவரை வேறு ஊரில் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“அடுத்து. பல் டாக்டருக்கு. அளவெடுக்கும்போது நோயாளியைப் பேசவிடுகிறீர்கள். பாதிப் பேர் நீங்கள் போடுகிற மொக்கை ஜோக்குக்குச் சிரிக்கிறார்கள். சிரிக்கிற வாய்க்கு அளவெடுத்தால் மூடுகிற வாய்க்குப் பல் பொருந்துமா? பொருந்தாவிட்டால் பழி மட்டும் இந்த வீட்டின் மேல்.”

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல்செட்காரருக்கு வேலை தருகிறவர் அந்த ஒருவர்தான்.

“இதையெல்லாம் எழுதினது யாரு?” என்று தலைவர் கேட்டார்.

அந்த நேரத்தில் தனக்கு என்ன ஆனது என்று பல்செட்காரர் பிற்பாடு பலமுறை யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் உண்மை. வழக்கமாகத் தாமதித்து வருகிற பதில், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சட்டென்று வந்தது. அவ்வளவுதான்.

“என் வீட்டுல எழுதினாங்க சார்,” என்றார். “என் மனைவி.”

அவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவள் மூச்சு விடுவது கேட்டது.

“ஏம்மா, நீங்கதானா?”

அவள் தலைவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆமா,” என்றாள். “நான்தான்.”

அதோடு விட்டிருக்கலாம். ஆய்வாளருக்கு ஆர்வம் வந்துவிட்டது. இன்னொன்றைத் திறந்தார். அதன் தலைப்பைப் பார்த்ததும் பல்செட்காரருக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

“அவளுக்கு. அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால், ‘ஊருக்கெல்லாம் வாய் செஞ்சு குடுக்கற வீட்டுல வாயே இல்லாத ஒரு ஜீவன்’ என்று உன் அண்ணன் சொன்னபோது நீ சிரித்தாய். மற்றவர்கள் சிரித்தது எனக்கு மறந்துவிட்டது. நீ சிரித்தது மறக்கவில்லை.”

“யாரும்மா இந்த ‘அவள்’?” என்றார் தலைவர்.

மனைவி கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். “என் நாத்தனார்,” என்றாள்.

நாத்தனாரின் அண்ணன் யார் என்று கூடம் கணக்குப் போட்டது. போட்டு முடித்ததும் அத்தனை தலைகளும் பல்செட்காரர் பக்கம் திரும்பின. பின்வரிசையில் ஓர் அம்மாள், “கட்டின பொண்டாட்டியைப் போயி இப்படிப் பேசுவாங்களா?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது மேடைவரை கேட்டது.

தீர்ப்பு உடனே எழுதப்பட்டது. ‘பதில்’ அடியோடு அழிக்கப்படும். மனைவிக்குப் பன்னிரண்டு நாள் மீள்தூய்மைப் பயிற்சி, காலை முழுவதும். அவள் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாளே போனாள். வீட்டில் இவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது தாங்கியிருப்பார். சாப்பாடு எடுத்து வைத்தாள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள், பயிற்சியில் என்ன நடந்தது என்று இவர் கேட்டால் அதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

“இன்னைக்கு உறுதிமொழி. ‘என் வட்டு என் மனசு’ன்னு நூத்தியெட்டு தடவை எழுதச் சொன்னாங்க.”

“எதுல? கம்ப்யூட்டர்லயா?”

“பேப்பர்ல. அங்க கம்ப்யூட்டரே கிடையாது. அழுக்காயிடுமாம்.”

இன்னொரு நாள், கோப்பு வரிசையாக இருக்க வேண்டும் என்பதை விளக்க எல்லோரையும் உயர வரிசைப்படி நிற்க வைத்தார்களாம். மதியம்வரை நின்றார்களாம். உயரத்தில் இரண்டு பேர் சமமாக இருந்ததால் அவர்களில் ஒருவரை நகல் என்று வெளியே அனுப்பிவிட்டார்களாம்.

அன்று அவள் வந்ததும் கம்ப்யூட்டரின் இரைச்சலைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். பிறகு அதை அணைத்துவிட்டு, அவருடைய திருப்புளியை எடுத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினாள். விசிறி முழுக்கத் தூசி திரண்டு பஞ்சு மெத்தைபோல அடைத்திருந்தது. “டிரையர்லயும் இப்படித்தான் அடைச்சுக்கும்,” என்று சொல்லி, பல்செட்டைத் துலக்கிப் பளபளப்பாக்க அவர் வைத்திருந்த மெல்லிய பிரஷ்ஷால் அதை வழித்து எடுத்தாள். பிறகு தகட்டை மூடி, கம்ப்யூட்டரைப் போட்டு, திரையில் மறுசுழற்சித் தொட்டியைக் காலி செய்தாள். பதினோரு வருடமாக அழித்ததெல்லாம் அதில்தான் இருந்தது. வட்டில் பாதி காலியானது. கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் ஓடியது. மொத்தம் இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

இதற்கிடையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மேல்மாடிக்காரர் நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் போட்டார். படியில் அவளைப் பார்த்தால் ஒதுங்கி நின்று வழிவிட்டார். பல் டாக்டர் தொலைபேசியில் அழைத்து, “வீட்டம்மா சொன்னது நியாயம்தான். இனிமே அளவெடுக்கிறப்போ வாயைத் திறக்க மாட்டேன். எதுக்கும் அவங்களுக்குக் கோபமில்லையான்னு கேட்டுச் சொல்லுங்க,” என்றார். மச்சான் வீட்டுக்கே வந்தார். ‘மச்சானுக்கு’ என்று தலைப்பிட்டதைக் கூடத்தில் படிக்கவில்லை, ஆனாலும் ‘அவளுக்கு’ என்று படித்த சேதி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அந்த வாய்ச்சொல் தன்னுடையது என்பது அவருக்குத் தெரியாதா? தங்கையின் எதிரில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“மாப்பிள்ளையை நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. நீ இவ்வளவு மனசுல வெச்சிருப்பேன்னு தெரியாது.”

“எங்கிட்ட எதுக்குண்ணே சொல்றே?” என்றாள் அவள்.

பல்செட்காரர் உள்ளறையில், கையில் ஒரு மேல்வரிசைப் பல்லோடு, இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பதினோரு வருடமாக அவர் எழுதியது எதுவும் வீணாகவில்லை. ஒவ்வொரு பதிலும் போக வேண்டிய இடத்துக்குப் போய், செய்ய வேண்டியதைச் செய்தது, எல்லாம் அவள் பெயரில். அவளோ காலையில் எழுந்து, உயர வரிசைப்படி நிற்கப் போய்க்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் அவர் வாரியத்துக்குப் போனார். வரிசையில் நின்று எழுத்தர் அம்மாவிடம் சொன்னார்.

“அதை எழுதினது நான்தான் மேடம். என் மனைவி இல்லை.”

“எதை?”

“பதில்ங்கிற ஃபோல்டர்.”

எழுத்தர் அம்மா பார்த்துவிட்டு, “அது அழிச்சாச்சே. இல்லாத கோப்பை நீங்க எப்படி எழுதியிருக்க முடியும்?” என்றார்.

“இருந்தப்போ எழுதினேன்.”

“இருந்தப்போ அது உங்க மனைவி எழுதினது. அவங்களே ஒத்துக்கிட்டாங்க. இப்ப நீங்க எழுதினதா ஒரு மனு போட்டா அது புதுக் கோப்பு. அதை நாங்க எங்க வெப்போம்? இடமா இருக்கு?” பின்னால் வரிசையைக் காட்டி, “கொஞ்சம் நகருங்க சார்,” என்றார்.

மறுநாளும் போனார். அதற்கு மறுநாள் ஆய்வாளரையே பிடித்தார். செட்டைச் சரிசெய்து கொடுத்திருந்ததால் அவர் தெளிவாகப் பேசினார். “சார், உங்க மனசு புரியுது. ஆனா அந்த எழுத்துல ஒரு தைரியம் இருக்கு பாருங்க. கோவிச்சுக்காதீங்க, உங்களைப் பாத்தா அப்படித் தெரியல,” என்று தோளில் தட்டிக் கொடுத்தார்.

பன்னிரண்டாம் நாள் நிறைவு விழா. அதே கூடம், அதே ஆட்கள். அவர் மனைவிக்குப் பயிற்சியில் முதலிடம். சான்றிதழ் கொடுத்தபிறகு தலைவர் மைக்கை விடவில்லை.

“இன்னொருத்தரையும் மேடைக்குக் கூப்பிடணும். இந்த அம்மாவோட கணவர். மனைவி பண்ணின தப்பைத் தன் தலையில போட்டுக்கிட்டு, மூணு நாள் நம்ம ஆபீஸுக்கு நடையா நடந்து, நான்தான் எழுதினேன் நான்தான் எழுதினேன்னு பொய் சொல்லியிருக்காரு. இந்த வாரியத்துக்கிட்ட எத்தனையோ பேர் பொய் சொல்லியிருக்காங்க. நாங்களும் சொல்லியிருக்கோம். ஆனா இவ்வளவு அன்போட ஒருத்தரும் சொன்னதில்ல. அவருக்கு இந்த வருஷத்து ஆதரவுத் துணைவர் பதக்கத்தைக் கொடுக்கறதுல வாரியம் பெருமைப்படுது.”

பல்செட்காரர் மேடையேறினார். வட்டு வடிவத்தில் ஒரு பதக்கத்தைச் சட்டையில் குத்தினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எதிரே டாக்டர், மேல்மாடிக்காரர், மச்சான், பின்வரிசை அம்மாள்.

“பொய் இல்லைங்க,” என்றார். மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். மறுபடி சொன்னார். “பொய் சொன்னது அன்னைக்கு. உங்க எல்லாருக்கும் பயந்து அவ பேரைச் சொன்னேன். எழுதினது நான். மேல்மாடி சாருக்கு எழுதினது நான். டாக்டருக்கு எழுதினது நான். அவ ஒரு பாவமும் அறியாதவ.”

முதலில் மேல்மாடிக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். டாக்டர் எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். பின்வரிசை அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாத்தீங்களா, இப்பவும் விட்டுக்குடுக்க மாட்டேங்கறாரு,” என்று தலைவர் தழுதழுத்தார். கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. அந்தக் கூட்டத்தில் தட்டாதவை இரண்டே கைகள். அவை ஒரு சான்றிதழைப் பிடித்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு நடந்தே திரும்பினார்கள். அவள் முன்னால், அவர் நாலடி பின்னால். பதக்கத்தைக் கழற்ற ஊசி வரவில்லை. கையால் மறைத்துக்கொண்டே நடந்தார். தெருமுனை மருந்துக்கடையைத் தாண்டியதும் அவள் நின்றாள்.

“ஆபீஸ்ல சொன்னீங்களாம். ஆய்வாளர்கிட்ட சொன்னீங்களாம். இப்ப மைக்ல, ஊருக்கே சொல்லிட்டீங்க.”

“ஆமா,” என்றார்.

“எங்கிட்ட இன்னும் சொல்லல.”

மருந்துக்கடையில் இருவர் நின்றிருந்தார்கள். ஒரு சைக்கிள் போயிற்று. எழுதி வைத்துக்கொள்ள வீடு இன்னும் அரைத் தெரு தள்ளி இருந்தது. அவள் நகரவில்லை.

“உன் பேரைச் சொன்னேன்,” என்றார். “நீ பக்கத்துல உக்காந்திருக்கும்போதே சொன்னேன். நீ ஆமான்னு சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்.”

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை எடுக்கப் பார்த்து, முடியாமல், அப்படியே நின்றார்.

“ம்,” என்றாள் அவள். சான்றிதழை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கிட்டே வந்து, அவர் கையை விலக்கி, சட்டைத் துணி கிழியாமல் அந்த ஊசியை நிதானமாகக் கழற்ற ஆரம்பித்தாள்.